குளிர் நாட்டில் விதை போட்டுக் கொட்டை மரம் வளர்ப்பது: அக்ரூட், ஹேசல், செஸ்ட்நட்

பனிவாடை:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் சும்மா கிடக்கிறது. குளிர்காலத்தில் சில இரவுகள் −30 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். பனி நாலு மாதம் தரையை விட்டுப் போகாது. மே மாதக் கடைசியிலும் ஓர் உறைபனி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இதில் அக்ரூட், ஹேசல்நட், செஸ்ட்நட் மூன்றையும் விதையிலிருந்தே வளர்க்க ஆசை. ஒட்டுக்கன்று வாங்கி வைக்கலாம்தான். ஆனால் நிறைய மரம் வேண்டும் என்கிறபோது கட்டுப்படியாகவில்லை. அதுவும் போக, விதை போட்டு முளைப்பதைப் பார்க்கிற சுகமே வேறு.

சாப்பிடுவதற்கு என்று கடையில் விற்கிற கொட்டையை விதைக்கலாமா? இலையுதிர் காலத்திலேயே மண்ணில் போடுவதா, ஃப்ரிட்ஜில் வைத்திருந்து வசந்தத்தில் போடுவதா? −30 டிகிரியை எது தாங்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வேர்மண்:
கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். மற்ற இரண்டுக்கும் பாதி பதில் அதற்குள்தான் இருக்கிறது.

"எத்தனை டிகிரி தாங்கும்" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். ஆனால் கன்றுகள் அடிவாங்குவது பெரும்பாலும் நடுக்குளிரில் இல்லை, அதற்கு முன்னும் பின்னும்தான். பகல் சுருங்குவதை வைத்துத்தான் மரம் வளர்ச்சியை நிறுத்துகிறது, தண்டை முற்ற வைக்கிறது, மொட்டை மூடுகிறது. எந்தப் பகல் நீளத்தில் நிறுத்த வேண்டும் என்பது பரம்பரையாக வருவது. தெற்கே வளர்ந்த தாய்மரத்தின் விதையை வடக்கே கொண்டுவந்து போட்டால், கன்று இன்னும் காலம் இருக்கிறது என்று நினைத்துப் பச்சையாகவே நிற்கும். முதல் கடும் உறைபனியில் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வரும். அடுத்த வருடம் அடியிலிருந்து துளிர்க்கும், மறுபடி கருகும். இப்படியே மரமாகாமல் புதராக நின்றுவிடும். அக்ரூட்டுக்கு வசந்தத்திலும் இதே தொல்லை. நாலு நாள் வெயில் அடித்தால் ஏமாந்து துளிர் விட்டுவிடும்.

அதனால் எந்த இனம் என்பதைவிட, எந்த ஊர்க் குளிரில் காய்த்த மரத்திலிருந்து விழுந்த கொட்டை என்பதைப் பாருங்கள். உங்கள் அட்சரேகைக்குப் பக்கத்தில், உங்கள் அளவு குளிரில், வருடா வருடம் காய்க்கிற மரத்தைத் தேடிப் பிடித்து அதன் அடியில் பொறுக்கினால் பாதி வேலை முடிந்தது. அக்ரூட்டில் இதற்குப் பழைய உதாரணமே இருக்கிறது. பால் க்ராத் என்ற பாதிரியார் 1920, 30-களில் கிழக்கு ஐரோப்பாவின் கார்பேத்திய மலைப் பகுதியிலிருந்து விதை அக்ரூட் சேகரித்துக் கனடாவுக்குக் கொண்டுவந்தார். 'கார்பேத்தியன் அக்ரூட்' என்று இன்று விற்கப்படுகிற வகைகளில் பலவற்றின் மூலம் அந்த விதைகள்தான். சாதாரண அக்ரூட் தாங்காத குளிரை அவை தாங்குகின்றன. −30 அவற்றுக்கும் எல்லைக்கோடுதான் என்பதை மனதில் வையுங்கள்.

அதைவிட உறுதி வேண்டும் என்றால் கருப்பு அக்ரூட், அதற்கும் மேல் மஞ்சூரிய அக்ரூட். மஞ்சூரியம் −40-லும் நிற்கும், ஆனால் ஓடு கல் மாதிரி, உள்ளே பருப்பு கொஞ்சம். ஹேசலில் அமெரிக்க வகைக்கு உங்கள் குளிர் ஒரு பொருட்டே இல்லை. செஸ்ட்நட் கொஞ்சம் சூதாட்டம்.

கடைக் கொட்டை: ஓடு நீக்கியது, வறுத்தது, உப்புப் போட்டது எதுவும் ஆகாது. ஓட்டோடு விற்கும் அக்ரூட் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். 43 டிகிரிக்கு மேல் சூடு காட்டினால் எண்ணெய் காறிப்போகும் என்பதால் உலர்த்துகிறவர்களே சூட்டைக் குறைவாக வைப்பார்கள். முளைக்கும். ஆனால் அது மிதமான குளிர் உள்ள பெருந்தோட்டத்துச் சரக்கு, மேலே சொன்ன கதைதான் நடக்கும். கைப்பழக்கத்துக்குப் போட்டுப் பாருங்கள், நிலத்தில் வைக்க வேண்டாம்.

அணில்விரோதி:
எல்லாம் சரி. அணிலுக்கு என்ன ஏற்பாடு என்று யாருமே சொல்லவில்லையே. மண்ணில் போட்ட கொட்டை மறுநாள் காலையில் இருக்காது. முதலில் கம்பி வலை வாங்குங்கள், அப்புறம் விதை வாங்குங்கள்.

தோட்டக்காரி:
நான் ஃப்ரிட்ஜ் கட்சி. அணில் வராது, எலி வராது, எது உயிரோடு இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

இந்தக் கொட்டைகள் எல்லாம் விழுந்ததும் உறக்கத்தில் இருக்கும். ஈரமும் குளிரும் சேர்ந்து சில மாதம் கிடந்தால்தான் உறக்கம் கலையும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பயனில்லை. காய்ந்த கொட்டையைக் காகிதப் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் அது வெறும் சேமிப்புதான்.

செய்முறை இதுதான். பச்சைத் தோலை முழுக்க உரித்துக் கழுவ வேண்டும். அக்ரூட் என்றால் கையுறை போடுங்கள், கறை வாரக்கணக்கில் போகாது. பிறகு வாளித் தண்ணீரில் போடுங்கள். புதிதாக விழுந்த அக்ரூட்டிலும் செஸ்ட்நட்டிலும் மிதப்பதைத் தள்ளிவிடலாம், உள்ளே பருப்பு வற்றியிருக்கும் அல்லது புழு இருக்கும். ஹேசலுக்கு இந்தச் சோதனையை நம்ப வேண்டாம், கொஞ்சம் காய்ந்திருந்தால் நல்லதே மிதக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு கைப்பிடி எடுத்து உடைத்துப் பாருங்கள்.

பீட் மாஸ் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) அல்லது மணலை நனைத்து, கைக்குள் அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஈரம் மின்ன வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் இன்னும் கொஞ்சம் உலர்ந்ததைக் கலக்க வேண்டும். அதோடு கொட்டைகளை ஒன்றையொன்று தொடாமல் ஜிப் பையில் அடுக்கி, காற்றுக்குக் கொஞ்சம் இடம் விட்டு, 1 முதல் 5 டிகிரிக்குள் வையுங்கள். காய்கறித் தட்டுதான் சரி. ஃப்ரீசர் கூடவே கூடாது.

மாதம் ஒருமுறை பிரித்து முகர்ந்து பாருங்கள். காட்டு மண் வாசனை வந்தால் நல்லது. ஓட்டின் மேல் வெள்ளைப் பூசணம் இருந்தால் பயப்படாதீர்கள், கழுவிவிட்டு மறுபடி வைக்கலாம். புளித்த வாடை அடித்தால் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அழுத்துங்கள், கொழகொழவென்று இருப்பதை எறியுங்கள்.

ஓடுடைப்பான்:
இவ்வளவு சுற்றுவழி எதற்கு? பனி உறைந்து ஓடு விரிசல் விட்டால்தான் முளைக்கும் என்பதுதானே இயற்கை. சுத்தியலால் லேசாகத் தட்டி விரிசல் விடுங்கள், இல்லையென்றால் இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். வேலை முடிந்தது.

வேர்மண்:
ஓடுடைப்பான் சொல்வது பரவலாக இருக்கிற நம்பிக்கை, ஆனால் சரியில்லை. தடை ஓட்டில் இல்லை, கருவில் இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே போனால் உள்ளே எந்த வேலையும் நடக்காது, அந்த நாட்கள் கணக்கிலேயே சேராது. ஈரத்தோடு பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருக்கிற நாட்கள்தான் கணக்கு. ஹேசலில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். குளிரில் கிடந்த விதை, சூடு வந்ததும் ஜிப்ரெல்லின் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தானே சுரக்கத் தொடங்கும், அதுதான் முளையைத் தள்ளுகிறது. இத்தனைக்கும் புதிதாகப் பறித்த ஹேசலில் உறக்கம் அவ்வளவு ஆழமில்லை, காயவைத்துச் சேமிக்கும்போதுதான் ஆழமாகிறது. ஆகவே பறித்த கையோடு ஈரத்தில் போடுவது நல்லது.

ஓட்டைப் பொறுத்தவரை, இரண்டு பாதியும் சேரும் விளிம்பு ஈரத்திலும் மண்ணின் நுண்ணுயிரிகளாலும் மெல்ல இளகும். பிறகு உள்ளே உப்புகிற பருப்பே அதைப் பிளந்துவிடும். சுத்தியலால் தட்டினால் பூசணத்துக்கு வாசல் திறந்துவிட்டதுதான் மிச்சம்.

செஸ்ட்நட்டை ஃப்ரீசரில் வைத்தால் மொத்தமும் போயிற்று. அதில் ஏறக்குறைய பாதி தண்ணீர், உறைந்தாலும் சாகும், காய்ந்தாலும் சாகும். அக்ரூட்டோடு அதைச் சேர்த்து யோசிக்கவே கூடாது.

பனிவாடை:
மிக்க நன்றி. எதை எத்தனை மாதம் வைப்பது? செஸ்ட்நட் கொஞ்சம் கிடைத்திருக்கிறது, சிலவற்றில் சின்ன ஓட்டை இருக்கிறது. அப்புறம் பாதாம் போட்டால் வருமா?

தோட்டக்காரி:
அக்ரூட்டுக்கு இரண்டு மூன்று மாதம் போதும். கருப்பு அக்ரூட்டுக்கு மூன்று நாலு. ஹேசலுக்கு மூன்றிலிருந்து ஆறு வரை கூடப் போகும், பொறுமை வேண்டும். அக்ரூட் குடும்பத்து மரமான ஹிக்கரியை யாராவது போட்டால் அதற்கும் மூன்று முதல் ஐந்து மாதம்.

செஸ்ட்நட் அவசரக்குடுக்கை. இரண்டு மூன்று மாதத்தில் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வேர் விட்டுவிடும். பிப்ரவரியில் பையைத் திறந்தால் கூரான முனைப் பக்கம் பழுப்புத் தோல் கிழிந்து, பால் நிறத்தில் தடித்த வேர் வெளியே வந்து, பை ஓரத்தில் முட்டி வளைந்திருக்கும். வெளியே பனி முழங்கால் அளவு இருக்கும்போது இது நடந்தால் கை பிசைய வேண்டியதில்லை. சூட்டை இன்னும் குறைத்துப் பூஜ்யத்துக்குச் சற்று மேலே வைத்தால் மெதுவாகும். அல்லது ஆழமான தொட்டியில் நட்டுவிடலாம். நீண்டு போன வேரின் நுனியைக் கிள்ளிவிட்டு நட்டாலும் ஒன்றும் ஆகாது, பக்க வேர்கள் கிளம்பும்.

ஓட்டை இருப்பது வண்டுப் புழு வெளியே வந்த வழி. அவற்றைத் தள்ளிவிடுங்கள். மீதியில் புழு உள்ளே இருக்கலாம். 49 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் போட்டு எடுத்தால் புழு சாகும், விதை பிழைக்கும். தெர்மாமீட்டர் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம், கொஞ்சம் கூடினாலும் கரு வெந்துவிடும்.

பாதாம் முளைக்கும், வளரும், பூக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் பூத்து உறைபனியில் பூ கருகும். அழகுக்கு வளர்க்கலாம்.

பைன்பிரியன்:
கொட்டை என்றால் பைனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொரியப் பைன் உங்கள் குளிருக்கு என்றே பிறந்தது. ஒரே சிக்கல், அதற்கு இரட்டை உறக்கம். முதலில் ஈரத்தோடு இரண்டு மாதம் வெதுவெதுப்பில் வைத்து, அப்புறம் மூன்று மாதம் குளிரில் வைக்க வேண்டும். நேரே மண்ணில் போட்டால் பல விதைகள் முதல் வசந்தத்தை அப்படியே கடத்திவிட்டு அடுத்த வருடம்தான் தலைகாட்டும். அதற்குள் செத்துவிட்டது என்று கொத்திவிடாதீர்கள். முளைக்கும்போது விதை ஓட்டைத் தொப்பி போல மாட்டிக்கொண்டு மேலே வரும். பறவைகள் அந்தத் தொப்பியைக் கொத்தித் தலையையே பிடுங்கிவிடும், பைனில் அப்படிப் போனால் போனதுதான். பைன் மரத்தடி மண் ஒரு கைப்பிடி தொட்டியில் கலந்தால் வேரோடு கூடி வாழும் பூஞ்சைகள் சேரும். கூம்பு காய்க்க 15, 20 வருடம் ஆகும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மூடாக்கு:
நான் எதிர்க்கட்சி. வலை மட்டும் ஒழுங்காகப் போட்டால் இலையுதிர் காலத்தில் நேரே நிலத்தில் விதைப்பதுதான் சிறந்தது.

காரணம் ஆணிவேர். அக்ரூட்டும் ஹிக்கரியும் முதல் வருடம் தரைக்கு மேலே ஒரு சாண் காட்டும், கீழே அதைப்போல் பல மடங்கு இறங்கிவிடும். சாதாரணத் தொட்டியில் அந்த வேர் அடியில் முட்டிச் சுருண்டுகொள்ளும். சுருண்ட வேர் பிறகு நேராகாது. மாறாக, இருக்கப்போகிற இடத்திலேயே முளைத்த மரம் இரண்டாம் வருடமே வறட்சியைச் சமாளித்துக்கொள்ளும்.

ஒரு குழிக்கு இரண்டு மூன்று கொட்டை, 5 செ.மீ. ஆழம். அக்ரூட்டைப் படுக்கவைத்துப் போடுங்கள், நட்டமாக நிறுத்த வேண்டாம். செஸ்ட்நட்டைத் தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். மேலே காய்ந்த இலை மூடாக்கு. மண் உறைந்து உறைந்து இளகும்போது விதையையும் இளங்கன்றையும் மேலே தூக்கிவிடும், மூடாக்கு இருந்தால் அது குறையும். பிறகு நன்றாக வருகிற ஒன்றை விட்டுவிட்டு மற்றதை வெட்டிவிடலாம். பலவீனமானது தானாகவே கழிந்துபோவதும் ஒரு வகையில் தேர்வுதான்.

தோட்டக்காரி:
மூடாக்கு அண்ணா, பத்துக் கொட்டைதான் கிடைத்தது என்கிறவருக்கு அந்தத் தேர்வு கட்டுபடியாகாது. தொட்டியில் சுருளும் என்பது உண்மை. அதற்குத்தான் அடியில் கம்பி வலை அடித்த மரப்பெட்டி. ஒன்றரை அடி ஆழம் வைத்து, தரையிலிருந்து செங்கல்மேல் தூக்கி வைத்துவிட்டால், வலையைத் தாண்டி வெளியே எட்டும் வேர் நுனி காற்று பட்டுக் காய்ந்து நின்றுவிடும். உள்ளே பக்க வேர்கள் அடர்த்தியாக வரும். இலை உதிர்ந்ததும் எடுத்து நட்டால் நாற்று சளைக்காமல் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் பெட்டியிலோ தொட்டியிலோ குளிர்காலத்தைக் கடத்துவதாக இருந்தால் கவனம். தண்டு தாங்கும் குளிரை வேர் தாங்காது. நிலத்துக்குள் மண்ணும் பனியும் போர்வையாக இருக்கின்றன, தொட்டிக்கு நாலு பக்கமும் காற்றுதான். தொட்டியை மண்ணில் புதைத்து வையுங்கள், அல்லது சூடேற்றாத கொட்டகைக்குள் இலைக் குவியலுக்கு நடுவே வையுங்கள்.

ஒட்டுக்கட்சி:
யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். விதைக்கன்று தாய் மாதிரி இருக்காது. பெரிய காய், மெல்லிய ஓடு என்று பார்த்து எடுத்துப் போட்ட கொட்டை, சின்னக் காயும் தடித்த ஓடுமாக வரலாம். அது தெரியவே ஹேசலில் நாலைந்து வருடம், செஸ்ட்நட்டில் ஐந்திலிருந்து எட்டு, அக்ரூட்டில் பத்துப் பக்கம். ஹிக்கரியைப் பேரப்பிள்ளைகளிடம் விட வேண்டியதுதான். ஒட்டு வைத்தால் பாதி காலத்தில் காய்.

வேர்மண்:
மறுக்கவில்லை. ஆனால் குளிரின் ஓரத்தில் இருக்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. ஒட்டு ரகம் என்பது ஒரே மரத்தின் நகல்கள். அது தாங்காத ஒரு குளிர் வந்தால் அத்தனையும் ஒரே இரவில் போகும். விதைக்கன்றுகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நாளில் துளிர்க்கும், வெவ்வேறு நாளில் இலை கொட்டும். ஐம்பது போட்டால் அதில் தாமதமாகத் துளிர்த்துச் சீக்கிரம் உறங்குகிற நாலைந்து கட்டாயம் தேறும். எனக்கு வேண்டியது அந்த நாலைந்துதான். மற்றவற்றை வேர்ச்செடியாக வைத்துக்கொண்டு அவற்றின் மேல் நல்லதை ஒட்டலாம். அக்ரூட்டில் ஒட்டு கூடுவதற்கு வெட்டு வாயில் 27 டிகிரி அளவு சூடு வேண்டும் என்பதால் குளிர் நாட்டில் அது ஒரு தனிக் கலை, வேறு இழையில் பேசுவோம்.

கூட இன்னொன்று. செஸ்ட்நட்டும் ஹேசலும் தன் மகரந்தத்தில் தான் காய்க்காது, அக்ரூட்டில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் வேறு வேறு நேரத்தில் விரியும். பல விதைக்கன்றுகள் இருந்தால் இந்தக் கவலை தானாகத் தீரும். ஹேசலின் பெண் பூவைப் பார்த்திருக்கிறீர்களா? பனி முழுக்க உருகுமுன்னே, மொட்டின் நுனியில் சிவப்பாக நாலைந்து இழை தெரியும், அவ்வளவுதான். அன்று மகரந்தம் ஒட்டினாலும் கருவுறுவதற்கு இன்னும் நாலைந்து மாதம் ஆகும்.

செஸ்ட்நட்டில் நோயையும் பாருங்கள். 1904-இல் நியூயார்க் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் தென்பட்ட பட்டை நோய், சில பத்தாண்டுகளில் கிழக்கு அமெரிக்கக் காடுகளில் இருந்த பல நூறு கோடி செஸ்ட்நட் மரங்களை முடித்துவிட்டது. சீன வகைக்கு எதிர்ப்புச் சக்தி உண்டு, குளிர் தாங்குவது கொஞ்சம் குறைவு. அதனால்தான் கலப்பினங்களின் விதையைத் தேடுகிறார்கள்.

மூடாக்கு:
கருப்பு அக்ரூட் வைக்கிறவர்கள் தக்காளி, கத்தரி, ஆப்பிள் பக்கத்தில் வைக்காதீர்கள். அதன் வேரிலிருந்து வரும் ஜக்லோன் என்ற வேதிப்பொருள் அவற்றை வாட்டிவிடும். கன்றாக இருக்கும்போது தெரியாது, பெரிதானால் தெரியும்.

பனிவாடை:
எல்லாருக்கும் மறுபடி வணக்கம். குளிர்காலம் தாண்டிவிட்டது. பாதியை வலைக்குக் கீழே நிலத்திலும் பாதியை ஃப்ரிட்ஜிலும் வைத்தேன். ஹேசல் வந்திருக்கிறது, செஸ்ட்நட் வந்திருக்கிறது. அக்ரூட் விரல் உயரம் வந்து இலை விரித்தபோது நேற்று இரவு உறைபனி. காலையில் எல்லாம் கருப்பாகத் தொங்குகின்றன. பிடுங்கிவிட்டு வேறு போடவா?

தோட்டக்காரி:
ஐயையோ, தொடாதீர்கள்! அக்ரூட், ஹேசல், செஸ்ட்நட் எல்லாவற்றிலும் விதையிலை மண்ணுக்குள் கொட்டையிலேயே இருக்கும், சாப்பாடு முழுக்க அங்கேதான். மேலே இருப்பது போனாலும் மண்ணுக்குக் கீழே தண்டில் உறங்கும் மொட்டு இருக்கிறது. சில வாரத்தில் புதுத் தளிர் வரும், சிலசமயம் இரண்டாக. தடித்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளுங்கள்.

வேர்மண்:
கருகாமல் தப்பியது ஏதாவது இருக்கிறதா என்று நன்றாகப் பாருங்கள். இருந்தால் அதன் பக்கத்தில் இன்றே ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். தாமதமாகத் துளிர்த்ததையும் அப்படியே குறியுங்கள்.

ஜூலைக்குப் பிறகு தழைச்சத்து உரம் போடாதீர்கள். ஆகஸ்டில் உரம் கண்ட கன்று அக்டோபரிலும் இளந்தளிர் விட்டுக்கொண்டிருக்கும், அதன் கதி உங்களுக்கே தெரியும். இலை கொட்டியதும் ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் சின்னக் கண் வலையைக் குழாய் மாதிரி சுற்றி, அடியை மண்ணுக்குள் இறக்குங்கள். பனிக்கு அடியில் வயல் எலிகள் சுரங்கம் போட்டு வந்து பட்டையைச் சுற்றிலும் கடித்துவிடும். பனி உருகிய பிறகுதான் நமக்கே தெரியும். தண்டு விரல் தடிமனுக்கு மேல் போனதும் தெற்கு, தென்மேற்குப் பக்கம் வெள்ளையடித்துவிட்டால் குளிர்கால வெயிலில் பட்டை வெடிக்காது.

பனிவாடை:
ஓரமாக இருந்த மூன்று தப்பியிருக்கின்றன! சுவரோரம் என்பதால் தப்பியதா, தாமதமாக வந்ததால் தப்பியதா என்று தெரியவில்லை. குச்சி நட்டுவிட்டேன். நிலத்தில் இருப்பவை எல்லாம் முளைத்துவிட்டனவே, மேலே போட்ட வலையை எடுத்துவிடலாமா?

அணில்விரோதி:
எடுக்காதீர்கள்! இப்போதுதான் ஆபத்தே. தளிரைப் பார்த்ததும் கீழே கொட்டை இருக்கிறது என்று அணிலுக்குத் தெரிந்துவிடும். கன்றைப் பிடுங்கி அடியில் ஒட்டியிருக்கும் பருப்பைத் தின்றுவிட்டு, தண்டை அப்படியே போட்டுவிட்டுப் போகும். அணிலுக்கு 12 மி.மீ. கண் போதும், எலிக்கு 6 மி.மீ. வேண்டும். கன்று வலையில் முட்டினால் வலையைக் கூண்டாக உயர்த்துங்கள். நடுக்கோடை தாண்டி, ஒரு கன்றின் அடியில் மண்ணை விலக்கிப் பாருங்கள். கொட்டைக்குள் பருப்பு வற்றி வெறும் ஓடு மட்டும் இருந்தால் அப்போது எடுக்கலாம்.